திருஷ்டிப் பூசணி

எனக்கு மறதி கிடையாது. அது அம்மாவிடமிருந்து வந்தது. முடிச்சூரில் எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரர் ஒருமுறை அம்மாவைப் பார்த்து, "சித்தாள் வேலைக்குப் போறவளுக்கு எதுக்கு பொன்னி அரிசி? ரேஷன் அரிசி தொண்டைல எறங்காதா?" என்று கேட்டார். நான் அப்போது பள்ளிச் சீருடையில் பக்கத்தில் நின்றிருந்தேன். அன்றிலிருந்து அம்மா உப்பு வாங்கக்கூட அந்தக் கடைப்படி ஏறியதில்லை. வெள்ளம் வந்த வருடம் அவர் கடைச் சரக்கெல்லாம் எங்கள் வாசல் வழியாக மிதந்து போனது. தெருவே ஐயோ பாவம் என்றது. அம்மா பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் நின்று, பொறுமையாக, கடைசி மூட்டை போகும் வரை பார்த்தாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கல்லூரி முடித்த முதல் ஆளும் நான்தான். முதல் பட்டதாரி என்று தாலுகா ஆபீஸில் கொடுத்த சான்றிதழை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். அந்தப் பெருமையை நான் மறைத்து வைப்பதில்லை. அடக்கமாக இரு என்று எனக்குச் சொன்னவர்கள் எல்லாம் மூன்று தலைமுறையாகப் படித்த வீட்டிலிருந்து வந்தவர்கள்.

எனக்கு வேலை கிடைத்த ஆபீஸ் கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டி, கேம்ப் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. இன்னும் கட்டாத அடுக்குமாடிக் குடியிருப்புகளை மெய்நிகர் உலகம் ஒன்றில் முன்கூட்டியே கட்டிக் காட்டுவதுதான் அங்கே தொழில். துபாயில் இருப்பவரும் சிங்கப்பூரில் இருப்பவரும் அவரவர் கணினியிலிருந்து, தங்களுக்கென்று ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டு அந்த உலகத்துக்குள் வருவார்கள். வாசலில் நுழைந்து, ஹாலில் நடந்து, படியேறிப் பால்கனியில் நின்று பார்ப்பார்கள். பிடித்திருந்தால் வீட்டைப் பதிவு செய்வார்கள்.

அந்த உலகத்தில் எல்லாமே கட்டைகள்தான். பெட்டி, உருளை, உருண்டை, கூம்பு. இவற்றை இழுத்து, நறுக்கி, குடைந்து, ஒன்றோடொன்று ஒட்டித்தான் கதவும் செய்ய வேண்டும், தொட்டிச் செடியும் செய்ய வேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் தோல் என்று ஒன்று உண்டு, குணம் என்று ஒன்று உண்டு. தோல் என்பது மேலே ஒட்டும் படம். தேக்கு, கிரானைட், செங்கல் என்று எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். குணம் கண்ணுக்குத் தெரியாது. கல்லா, உலோகமா, கண்ணாடியா, மரமா, ரப்பரா என்று கட்டையைச் சொடுக்கித் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். கால் வைத்தால் வழுக்குமா, மேலிருந்து போட்டால் துள்ளுமா என்பதை அதுதான் முடிவு செய்யும். கிரானைட் தோல் போட்ட ரப்பர் கட்டை பார்வைக்குக் கிரானைட்தான். கீழே போட்டால் பந்து.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சேர்ந்த புதிதில், ஆபீஸில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், ஒரே அளவில் சில பெட்டிகள் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் கொடுத்து, உயரத்திலிருந்து விட்டுப் பார்த்தேன். மரம் லேசாக எம்பி அடங்கியது. கண்ணாடி சறுக்கிக்கொண்டே மூலைக்குப் போனது. கல் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. ரப்பர் அடங்கவே இல்லை. அம்மா தலையில் கல் சுமக்கிறாள். இந்த உலகத்தில் கல்லை நீ கல்லாக இரு என்று சொல்வதே நான்தான் என்று நினைத்தபோது எனக்குத் திமிர் வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆபீஸில் டீம் லீடை எல்லோரும் 'அண்ணா' என்றுதான் கூப்பிட வேண்டும். "சார்னு சொன்னா ஏதோ தூரமா இருக்கற மாதிரி இருக்கும்மா. நாமல்லாம் ஒரு ஃபேமிலி" என்பார். என்னைத் தங்கச்சி என்பார். கொஞ்ச நாளில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அண்ணனிடம் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். அந்தச் சொல்லை அவர் வைத்திருந்தது அதற்குத்தான்.

அவர் அதற்கு முன்னால் சாலையோர விளம்பரப் பலகைகளுக்கு வீட்டுப் படங்கள் செய்துகொண்டிருந்தவர். படத்தில் படி வழுக்காது. படத்தில் எதுவும் கீழே விழாது. அதனால் அவருக்குத் தோல் மட்டும்தான் தெரியும். நன்றாகவும் தெரியும், அதை நான் மறுக்க மாட்டேன். பக்தி அதிகம். வெள்ளிக்கிழமையானால் மானிட்டர் மேல் சந்தனப் பொட்டு இருக்கும். ராகு காலத்தில் எந்த ஃபைலையும் அனுப்ப மாட்டார்.

அந்த உலகத்தில் இன்னொரு விதியும் இருந்தது. எந்தக் கட்டையைச் சொடுக்கினாலும் 'உருவாக்கியவர்' என்று ஒரு பெயர் வரும். அந்தக் கட்டையை விற்றாலும், இனாமாகக் கொடுத்தாலும், நகலெடுத்தாலும், அறுத்து வேறொன்றாகச் செய்தாலும், முதலில் செய்தவர் பெயர் அதிலேயே நிற்கும். யாராலும் மாற்ற முடியாது. இது எனக்குத் தெரியாத நாளில், அதாவது நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே, அண்ணா தன்னுடைய லாகினையும் பாஸ்வேர்டையும் என்னிடம் கொடுத்துவிட்டார்.

"எல்லாம் ஒரே லாகின்ல இருந்தாதாம்மா மேனேஜ் பண்ண ஈஸி. உனக்குத் தனியா ஒண்ணு எதுக்கு?"

நம்புகிறாரே என்று அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். மாதக்கணக்கில் அந்த உலகத்தில் அவருடைய உருவத்தில், அவருடைய தாடியோடு நடந்து, நான் வீடு கட்டினேன். கட்டிய ஒவ்வொன்றிலும் அவர் பெயர் விழுந்துகொண்டிருந்தது.

முடிச்சூர் பக்கத்து பில்டர் ஒருவரின் குடியிருப்பு எங்கள் கைக்கு வந்தது. வயலாக இருந்த இடம். கீழும் மேலுமாக இரண்டு தளம் கொண்ட மாதிரி வீடு ஒன்றைக் கட்டிக் காட்ட வேண்டும். படிக்கட்டை முதலில் அண்ணாதான் செய்தார். ஜன்னல் கண்ணாடியிலிருந்து ஒரு கட்டையை நகலெடுத்து, நீட்டி, கிரானைட் தோல் ஒட்டி, வரிசையாக அடுக்கினார். பார்க்க அருமையாக இருந்தது. ஏறியவர்கள் எல்லோரும் பாதிப் படியில் நின்று, மெதுவாகப் பின்னால் சறுக்கிக்கொண்டு வாசலுக்கே வந்து சேர்ந்தார்கள்.

"ஏம்மா எல்லாரும் ரிவர்ஸ்ல வர்றாங்க?" என்றார்.

அதை நான் எடுத்துவிட்டு முதலிலிருந்து செய்தேன். வளைந்து ஏறும் படி. ஒவ்வொரு படிக்கும் கல் குணம். கால் பதியும் இடத்தில் மட்டும் வழுக்காதபடி பிடிமானத்தைக் கொஞ்சம் கூட்டினேன். கைப்பிடிக்கு உலோகம், அதன் முனையில் மரக் குமிழ். அந்தப் படியில் ஓடினாலும் சரி, பின்பக்கமாக இறங்கினாலும் சரி, யாரும் சறுக்கவில்லை. அதைவிட நல்ல பொருளை நான் அதுவரை செய்ததில்லை.

ஆபீஸ் முதலாளி வந்து பார்த்தார். அவர் உருவம் மேலே போய்க் கீழே வந்தது. மறுபடியும் மேலே போனது. "யாருப்பா இது? பின்னிட்டீங்களே" என்றார்.

"தேங்க்ஸ் சார். மண்டைய உடைச்சிக்கிட்டு உக்காந்தேன்" என்றார் அண்ணா. பிறகு என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, சாருக்கு ஒரு டீ சொல்லும்மா" என்றார்.

நான் கீழே போய் டீ சொன்னேன். அப்போதும் எனக்கு வலிக்கவில்லை. வலி பிறகு வந்தது, கேளம்பாக்கத்தில்.

அங்கே ஒரு பெரிய நிறுவனத்தில் இதே வேலைக்கு ஆள் எடுத்தார்கள். செய்த வேலையை அந்த உலகத்துக்குள்ளேயே கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்றார்கள். எனக்குப் பயமே இல்லை. என்னிடம் படி இருந்தது. நேர்காணல் எடுத்த பெண்மணி படியின் அடியில் போய் நின்று, மேலேறி, திரும்பி வந்தார். முகத்தில் பிடித்துவிட்டது தெரிந்தது. பிறகு முதல் படியைச் சொடுக்கினார்.

"நல்லாருக்கு. ஆனா இது உங்களது இல்லையே?"

"நான்தான் மேம் செஞ்சேன்."

"வேற ஒருத்தர் பேர் வருதே."

அடுத்து கைப்பிடியைச் சொடுக்கினார். கதவை, ஊஞ்சலை, பூத்தொட்டியை. எல்லாவற்றிலும் ஒரே பெயர். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அடுத்தவங்க வொர்க்க உங்களதுன்னு காட்டக்கூடாதும்மா. முதல் வேலைதானே, இனிமே கவனமா இருங்க" என்று மெல்லிய குரலில் சொன்னார். என்னைத் திருடி என்று நினைத்துக்கொண்டு, அதற்காக என் மேல் இரக்கப்பட்டார்.

வண்டலூர் வழியாகத் திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நான் நின்றுகொண்டே வந்தேன்.

மறுநாள் காலையில் கேளம்பாக்கத்தில் நடந்ததைச் சொல்லி, அண்ணாவிடம் நேராகவே கேட்டேன். நான் செய்ததெல்லாம் நான் செய்தது என்று ஒரு வார்த்தை முதலாளியிடம் சொல்லுங்கள், எனக்குத் தனி லாகின் கொடுக்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான் கேட்டேன். அவர் நாற்காலியை என் பக்கம் சுழற்றிக்கொண்டு சிரித்தார்.

"சொல்லாம இண்டர்வியூ போயிட்டு வந்திருக்க. அதுக்கு நான் சர்டிஃபிகேட் வேற தரணுமா? கட்டைல பேர் இருந்தா என்னம்மா, அதென்ன கல்வெட்டா?" குரலைத் தணித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காத தங்கச்சி. வீட்ல யாரும் படிக்கலைல, அதான். நாலு விஷயம் தெரிஞ்சதும் தலைகால் புரிய மாட்டேங்குது. நீ கலர் மட்டும் பாரு. மத்தத அண்ணன் பாத்துக்கறேன்."

பெயரை எடுத்துக்கொண்டதைக் கூட நான் ஒரு நாள் மன்னித்திருக்கலாம். 'வீட்ல யாரும் படிக்கலைல' என்பதை மன்னிக்க மாட்டேன். இதை எழுதும்போதும் மன்னிக்கவில்லை.

அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் அம்மா தட்டை வைத்தாள்.

"இன்னாடி, மூஞ்சி தொங்கிகினு கீது?"

சொன்னேன். அந்த உலகம் என்ன, கட்டை என்ன என்பதெல்லாம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

"நீ கட்னதுல அவன் பேரா?"

"ஆமா."

"நீ இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாம வந்து குந்திகினு சோறு துன்றியா?" என்று அப்பளத்தை ஒடித்து என் தட்டில் போட்டாள். "துன்னு. துன்னுட்டு யோசி. அவசரப்படாத. ஆனா வுட்றாத."

நான் அவசரப்படவில்லை. அடுத்த நாள் போய், அண்ணா சொன்னபடியே கலர் பார்த்தேன். சுவருக்குச் சந்தன நிறம், படுக்கையறைக்கு இளம்பச்சை. அண்ணா என்று கூப்பிட்டேன். முன்னைவிட அடிக்கடி கூப்பிட்டேன்.

மாதிரி வீடு முடிந்ததும் பில்டர் ஆபீசுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, விரலில் பெரிய மோதிரம். அந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து நெல் வயல். வீடு அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் எல்லோரும் ஒன்றாக உள்ளே வந்து பார்க்கும் நாளில், முறைப்படி ஒரு புதுமனை புகுவிழா வேண்டும் என்றார்.

"கம்பூட்டர் வூடுதான், தெரியும். அதுக்கோசரம் சும்மா உள்ள பூந்துட முடியுமா? பால் பொங்கணும். வாசல்ல பூசணிக்கா ஒடைக்கணும். ஏரியாவே இந்த பிராஜக்ட் மேல கண்ணு வச்சிகினு கீதுபா."

பாலை அண்ணா எடுத்துக்கொண்டார். அது வெறும் படம்தான், பானை மேல் வெள்ளை நுரை ஏறுவதுபோல் ஓட்டினால் போதும். பூசணிக்காயை யாரும் கேட்காமலேயே நான் வீட்டில் உட்கார்ந்து, என் பழைய லேப்டாப்பில், எனக்கென்று புதிதாகத் தொடங்கிய லாகினில் செய்தேன்.

அந்த உலகத்தில் உடையும் பொருள் என்று எதுவும் கிடையாது. கல்லும் உடையாது, கண்ணாடியும் உடையாது. ஒன்று உடைய வேண்டுமென்றால், அதை முதலிலேயே உடைந்த துண்டுகளாகச் செய்துகொள்ள வேண்டும். துண்டுகளை முழுசாகத் தெரியும்படி ஒட்டி வைத்து, தரையைத் தொட்டதும் 'பிரி' என்று ஒரு கட்டளை எழுதி உள்ளே வைக்க வேண்டும். நான் தோலைத் தனித் துண்டுகளாக வெட்டினேன். உள்ளே குங்குமம் கலந்த சதையும் விதைகளும் செய்து நிரப்பினேன். துண்டுகள் எம்பாமல் விழுந்த இடத்தில் அப்படியே கிடக்கும்படி குணம் கொடுத்தேன். போட்டுப் பார்த்தேன். சிவப்பாகச் சிதறியது. அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "தொடப்பம் எட்தாரவா?" என்றாள்.

ஆபீஸில் காட்டியதும் அண்ணா முதலில் செய்த காரியம், அதைச் சொடுக்கியதுதான். உருவாக்கியவர் என்ற இடத்தில் என் பெயர் வந்தது.

"உன் லாகின்லயா பண்ண? யாரைக் கேட்டு? கிளையண்ட் பிராஜக்ட்ல ஜூனியர் பேர் வரக்கூடாதும்மா. என் லாகின்ல திருப்பிப் பண்ணிடு."

"நீங்களே பண்ணிக்குங்கண்ணா" என்றேன். "தோல் படம் தர்றேன். கட்டளையும் தர்றேன். உங்களுக்கு ஒரு நிமிஷ வேலை."

இத்தனை சுலபமாக நான் விட்டுக்கொடுப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. உருண்டையாக ஏதாவது வேண்டும் என்று குடியிருப்பு முழுக்கத் தேடினார். குழந்தைகள் விளையாடும் மூலையில் ஒரு பந்து கிடந்தது. அதை எப்போதோ நான்தான் அவர் லாகினில் செய்து போட்டிருந்தேன். அதைச் சொடுக்கி, தன் பெயர் இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டு, நகலெடுத்தார். இழுத்துக் கொஞ்சம் நீளமாக்கினார். என் பூசணித் தோலை ஒட்டினார். என் கட்டளையை உள்ளே போட்டார். மேலே ஒரு காம்பு. அச்சு அசலாகப் பூசணிக்காய், சாம்பல் பூத்திருந்ததுகூடத் தெரிந்தது.

அவர் தண்ணீர் குடிக்கப் போனபோது நான் அதைச் சொடுக்கிப் பார்த்தேன். உருவாக்கியவர், அவர். குணம், ரப்பர். உள்ளே இருந்த கட்டளை 'பிரி' என்று சொல்லும். ஒற்றை உருண்டையிடம் பிரி என்றால் அது எதைப் பிரியும்?

பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

"சூப்பரா இருக்குல்ல?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"சூப்பர்ணா."

"ஒரு தடவ போட்டுப் பாத்துடலாமா?"

எல்லாம் அந்த ஒரு கேள்வியில் தொங்கியது. என் குரல் தெளிவாகத்தான் வந்தது.

"அண்ணா, திருஷ்டிக்குன்னு எடுத்து வச்ச காய யாராவது ஒத்திகைக்கு உடைப்பாங்களா? உடைச்சா இங்கயே கழிஞ்சிடும்ல? அதுவும் வெள்ளிக்கிழமை."

அண்ணா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "நல்ல வேளை சொன்ன தங்கச்சி. எனக்குத் தோணவே இல்ல பாரு."

நான் பொய் சொல்லவில்லை. அப்படி யாரும் உடைப்பதில்லைதான்.

விழா நாளன்று ஆபீஸ் ஹாலில் பெரிய டிவியை மாட்டினார்கள். பில்டர் மனைவியோடு வந்திருந்தார். அந்த அம்மா பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமாக, நிஜமான கிரகப்பிரவேசத்துக்கு வருவதுபோலவே வந்திருந்தார். திரையில் வீட்டு வாசலுக்கு முன் வெளிநாட்டுக்காரர்களின் உருவங்கள் கூடி நின்றன. முதலாளி எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். அண்ணா இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் நின்று, மாதிரி வீட்டை ஆங்கிலத்தில் விளக்கினார். படிக்கட்டைப் பற்றிச் சொன்னபோது "மை டிசைன்" என்றார். நான் சுவரோரம் நின்று கேட்டேன்.

பால் பொங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு பில்டரின் உருவம் பூசணிக்காயைக் கையில் எடுத்து, வாசலைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றியது. ஹாலில் பில்டரும் தன் கையை அப்படியே சுற்றினார். மனைவி கண்ணை மூடிக்கொண்டார்.

காய் கீழே விழுந்தது. கிரானைட் வாசலில் பட்டு, சன்ஷேடு உயரத்துக்கு எம்பியது. மறுபடி விழுந்து மறுபடி எம்பியது. வாசற்படியின் விளிம்பில் பட்டுத் திசை மாறி, திறந்திருந்த தலைவாசல் வழியாகத் துள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போனது.

பில்டர் மனைவி கத்தினார். "ஐயோ, உள்ள போவுதுங்க! சுத்துன திருஷ்டியெல்லாம் எட்துகினு உள்ள போவுதுங்க!"

"இன்னாபா இது? புடிபா அத!" என்றார் பில்டர்.

அண்ணா மவுஸைப் பிடித்துக்கொண்டு தன் உருவத்தை ஓடவிட்டார். தாடி வைத்த உருவம் ஹாலுக்குள் பூசணிக்காயைத் துரத்தியது. அது தொடத் தொடக் காய் இன்னும் வேகமாகப் போனது. சோபா மேல் ஏறியது. சாப்பாட்டு மேசையில் இடித்தது. கடைசியில் பூஜை அறைக்குள் புகுந்து, சுவருக்குச் சுவர் துள்ளிக்கொண்டிருந்தது. மைக்கை அணைக்க மறந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் "கோல்!" என்றார். யாரோ சிரித்தார்கள். பில்டர் சிரிக்கவில்லை.

"யார் பண்ணது இத?" என்றார்.

அண்ணா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை. "சார், அது ஜூனியர் பொண்ணு... தங்கச்சி, என்னம்மா இப்படிப் பண்ணி வச்சிருக்க?"

நான் மேசைக்குப் போய், அவர் கைக்குப் பக்கத்தில் இருந்த மவுஸை எடுத்து, பூஜை அறையில் துள்ளிக்கொண்டிருந்த காயைச் சொடுக்கினேன். பெரிய டிவியில், பெரிய எழுத்தில் வந்தது. பில்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி, அண்ணாவின் முழுப் பெயரையும் இனிஷியலோடு சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு அண்ணாவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ பண்ணிட்டு அந்தப் பொண்ணு மேல போடுறியே, இன்னாபா ஆளு நீ?"

அந்தச் சுகத்தை எதனோடும் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை. அதில் கலப்படமே இல்லை. அவர் வேண்டி வேண்டிச் சேர்த்த பெயர் அது. எல்லோர் முன்னாலும் அவருக்கே திருப்பிக் கொடுத்தேன்.

பில்டர் அதோடு விடவில்லை. மனைவி அழ ஆரம்பித்திருந்தார். "இந்த வூடு வோணாம்" என்று பில்டர் முதலாளியிடம் சொன்னார். "திருஷ்டி பூஜ ரூமுக்குள்ளயே பூந்துட்ச்சி. இதக் காட்டி நான் யாருக்கும் விக்க முடியாது. மொத்தமா இட்ச்சிட்டு, முதல் கல்லுலருந்து புதுசா கட்டு. இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்கறேன்."

சாயங்காலம் முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "படிக்கட்டு, கதவு, எல்லாம் திரும்பப் பண்ணணும். அவனைக் கேட்டா பேய் முழி முழிக்கறான். உன்னால முடியுமா?"

"முடியும் சார். அதெல்லாம் முன்னயும் நான்தான் பண்ணேன்."

அவர் ஆச்சரியப்படவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். தெரிந்தும் டீ குடித்திருப்பார்.

"சரி. பண்ணு."

"என் லாகின்ல பண்றேன் சார். என் பேர்ல. இல்லன்னா நான் கலர் மட்டும் பாத்துக்கறேன்."

அவர் பேனாவை மூடித் திறந்து, மறுபடி மூடினார். பிறகு தலையாட்டினார். "பழசெல்லாம் அழிச்சிடுங்க. பில்டர் வந்து பாத்தாலும் பாப்பாரு."

ஒரு கட்டையை யார் உருவாக்கினாரோ அவர் லாகினிலிருந்துதான் அதை அழிக்க முடியும். அதனால் மறுநாள் அண்ணா தன் கணினி முன் உட்கார்ந்தார்; பாஸ்வேர்டு தெரிந்தும் நான் அதைத் தொடவில்லை. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"மொத்தமா செலக்ட் பண்ணி ஒரே அடியா டெலீட் பண்ணிடலாமாம்மா?"

"வேணாம் சார்" என்றேன். அன்றிலிருந்து அவர் எனக்கு சார்தான். "ஒண்ணொண்ணா. ஒவ்வொண்ணோட அளவும் குணமும் நான் பாத்துக்கணும்."

அது சாக்கு. எல்லா அளவும் எனக்கு மனப்பாடம். அவர் ஒவ்வொன்றாகச் சொடுக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் தன் பெயரைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அழிக்க வேண்டும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பூத்தொட்டி போனது. ஊஞ்சல் போனது, சங்கிலியின் ஒவ்வொரு வளையமாக. சந்தன நிறச் சுவர்கள் போயின. மாடிக்கு மேல் விமானப்படைப் பயிற்சி விமானங்கள் தாழ்வாகப் பறந்த சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. இடையில் அவர் ஒருமுறை கையை உதறிக்கொண்டார். "கை வலிக்குதா சார்?" என்று கேட்டேன். அவர் அடுத்ததைச் சொடுக்கினார்.

அழிந்ததெல்லாம் என் வேலை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொன்றும் போகும்போது உள்ளே ஏதோ இழுத்தது. ஆனால் அவர் பெயரோடு அது இருப்பதைவிட இல்லாமல் போவது மேல்.

வெட்டவெளியில் படிக்கட்டு மட்டும் மிஞ்சியது. சுவரும் கூரையும் இல்லாமல் அது இன்னும் அழகாகத் தெரிந்தது. நான் நாற்காலியைத் திரைக்குக் கொஞ்சம் அருகே இழுத்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"இத மட்டும் வச்சிக்கலாம்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "இதுல தப்பு ஒண்ணும் இல்லியே. உண்மையிலேயே நல்லா பண்ணியிருக்க."

பண்ணியிருக்க. அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. முதலாளியின் கதவு திறந்துதான் இருந்தது, அவர் உள்ளே போனில் பேசி முடித்துச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார்" என்றேன்.

அவர் அந்தக் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. நான் காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அவர் சொல்லவில்லை.

"அழிங்க சார்."

"மேல இருந்தா?"

"கீழ இருந்து."

அந்த உலகத்தில் விழு என்று சொல்லாத கட்டை அந்தரத்திலேயே நிற்கும்; அடிப்படியை எடுத்துவிட்டாலும் மேல் படி விழாது. அவர் ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, மீதிப் படிகள் எதையும் பிடிக்காமல் அப்படியே வளைந்து நின்றன. கைப்பிடி போனது, மரக் குமிழ் போனது. உச்சிப் படி ஒன்று மட்டும் வெறும் வானத்தில், எங்கும் போகாமல் நின்றது. அவர் கையை மவுஸிலிருந்து எடுத்தார்.

நான் அதை விரலால் காட்டினேன்.